விழ வைக்கும் சாமான், நடக்க வைக்கும் சாமான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். சைக்கிள் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசுங்க, பதினஞ்சு நிமிசத்துக்கு மேல போகாம பாத்துக்கங்க" என்றார். வாசலில் கருப்பு நிறத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறதே, அதன் கதைதான் இது. மெஷின் டிசைன் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல விரும்பவில்லை. அந்தப் பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது இந்தச் சைக்கிளைப் பூட்டிய எட்டு மாதத்தில்தான்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக, அதே அளவு வர. 1988இல் வாங்கிய ஹெர்குலஸ் சைக்கிள். 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், முழு செயின் கவர், பின்னால் பெரிய கேரியர். அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான் நான் உலகம் பார்த்தேன். பிறகு அதே சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு முட்டி தேய்த்தேன். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் வந்ததும் அப்பா சைக்கிளைத் தொடுவதை விட்டுவிட்டேன். ஊருக்குப் போயிருந்தபோது அது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். பழைய பாணியில் ஒரு ரோடு சைக்கிள் நானே பூட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்கு இருந்தது. மெல்லிய எஃகுக் குழாய், மூட்டுக்கு மூட்டு லக் வைத்துப் பித்தளையில் பற்றவைத்த பிரேம், வளைந்த ஹேண்டில்பார், தோல் சீட்டு. வெளிநாட்டுப் படங்களில் பார்த்து ஏங்கிய வடிவம்.

அந்தப் பிரேம் கொட்டகையிலேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் கொஞ்சம் வரலாறு உண்டு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்போர்டு என்ற பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அவர் அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவர். அவர்கள் குழுமத்தில்தான் பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியும் இருந்தது. 1935இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகுக் குழாயில் ஓடிய பந்தய சைக்கிள்களுக்குக் கணக்கில்லை. அப்பாவின் ஹெர்குலஸில் அந்தக் குழாய் இல்லை, சாதாரண எஃகுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த எஃகாக இருந்தாலும் யங் மாடுலஸ் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். விலையுயர்ந்த எஃகு வளையாமல் இருப்பதில்லை. உடையும் வலிமை அதிகம் என்பதால் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், எடை குறையும், அவ்வளவுதான் விஷயம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர இரண்டு கிலோ எடை பெரிதா? எனக்குப் படவில்லை. பிரேம் அப்பாவுடையதே என்று முடிவு செய்தேன்.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் தேவையில்லை. பின் ஆக்சில் உட்காரும் ஒரு காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு காதில் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். அமெரிக்காவின் ஷெல்டன் பிரவுன் என்ற மெக்கானிக், 2008இல் காலமானவர், இந்த மாதிரி விஷயங்களை எல்லோருக்கும் புரிய எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பிரேமில் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். அப்பா பார்த்துவிட்டு, "லாரி சேஸிஸ்லயே இதவிட கோட்டம் இருக்கும் கண்ணு" என்றார்.

அடுத்தது போர்க். அங்கேதான் எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. மாற்ற வேண்டும் என்றேன். "முப்பது வருசமா ஒடையாதது இனிமே ஒடையுமா? நீ படிச்ச படிப்பு காசக் கரைக்கிறதுக்குத்தானா?" என்றார். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று போர்க்கைக் கழற்றி, தண்டின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, அரை மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினேன். நம் பட்டறை வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோதனைதான். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சாக்பீஸில் கோடு போடும். கால் மணி நேரத்தில், கீழ்க் கப் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, முடி அளவில் ஒரு கருப்புக் கோடு விழுந்தது. தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததற்கு வேறு காரணம். அந்தக் கேரியரில் உட்கார்ந்து போன நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் கோடு கிழித்தேன். போனால் நம்மை நடக்க வைக்கும் சாமான் எவை, போனால் நம்மை விழ வைக்கும் சாமான் எவை. செயின் அறுந்தால் நடப்போம். டியூப், கியர், ப்ரீவீல், பின் ஆக்சில் எல்லாம் அப்படித்தான். போர்க், ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் தண்டு, பிரேக், ரிம், கிராங்க், இவை போனால் விழுவோம். நடக்க வைக்கும் சாமான் எல்லாம் புதுச்சத்திரத்திலோ சேந்தமங்கலத்திலோ உள்ள சைக்கிள் கடையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். விழ வைக்கும் சாமான் எங்கிருந்து வந்தாலும் சரி, புதிதாக, சோதித்ததாக இருக்க வேண்டும். வெளிநாடு, உள்நாடு என்ற பேச்சே இதில் இல்லை. புதுப் போர்க் நாமக்கல் கடையில் வாங்கியதுதான். மேல் கீழ் கப் செட்டும் அதே கடையில் சேர்த்து வாங்கினேன். தண்டின் மரை ஒன்று, கப்பின் மரை இன்னொன்று என்றால் ஏறாது, அதனால்.

பிரேக் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. 1998 ஐப்பசி. எனக்கு எட்டு வயது. மழைத் தூறலில் அப்பா ஓட்ட நான் பின்னால். குறுக்கே ஆடு வந்தது. அப்பா பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சைக்கிள் நிற்கவில்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் உளி பிடிக்க முடியவில்லை. ரேஷன் அரிசியில் அம்மா எப்படிச் சமாளித்தார் என்பது வேறு கதை.

ஆடு மேலும் தப்பில்லை, அப்பா மேலும் தப்பில்லை. குரோமியம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை அதில் வழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பிரேக் 0.4 ஜி கொடுத்தால் ஆறு மீட்டரில் நிற்கலாம். ஈரத்தில் அது 0.1 ஜி ஆகிவிட்டால்? இருபத்துநான்கு மீட்டர். ஒரு லாரியின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு. அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் பிடிப்பு இவ்வளவு மோசமாகக் குறையாது. எனவே அலுமினிய ரிம், 36 போக்ஸ் கம்பி.

ஆனால் 28 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். நல்ல அலுமினிய ரிம் தேடினால் 700சி என்ற அளவில்தான் கிடைக்கிறது, அதன் விட்டம் 622. அதாவது ரிம் ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பிரேக் போல்ட்டிலிருந்து ரிம் வரை அளந்தால் முன்னால் 68, பின்னால் 72. சாதாரண ரேஸ் சைக்கிள் பிரேக் அவ்வளவு தூரம் எட்டாது. 55 முதல் 73 வரை எட்டும் டெக்ட்ரோ பிரேக் ஒன்று இருக்கிறது. அதை வரவழைத்தேன். மொத்தச் செலவில் பெரிய துண்டு இந்த ரிம்முக்கும் பிரேக்குக்கும்தான் போனது.

டயர் 35 மில்லிமீட்டர் அகலம். வால்வு விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. ரேஸ் சைக்கிள்காரர்கள் மெல்லிய பிரெஸ்டா வால்வு போடுவார்கள். நான் கார், பைக்கில் இருக்கும் ஷ்ரேடர் வால்வுதான் போட்டேன். ஏனென்றால் நாமக்கல்லில் டீக்கடைக்கு நிகராக லாரி டயர்க் கடை இருக்கிறது, எல்லாவற்றிலும் கம்ப்ரசர் உண்டு. சீமைக்கருவேல முள் நம்மைத் தேடி வரும் ஊரில் இது பெரிய வசதி. ஒரே எச்சரிக்கை, லாரி டயருக்கு அடிக்கும் காற்று நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல். நமக்கு ஐம்பது, அறுபது போதும். கடைக்காரப் பையன் பழக்கதோஷத்தில் பிடித்தானானால் டப்பென்று வெடிக்கும். நான் ஒன்று வெடித்திருக்கிறேன்.

இனி கியர். பழைய சைக்கிளின் பல்லை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு இருபது கிலோமீட்டர். சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாக நாமக்கல் வரை சமவெளிதானே, அதற்கு இந்த ஒற்றைப் பல் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஏற்காடு ஏறும்போதுதான் வம்பு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம், ஆளும் வண்டியும் 90 கிலோ, காலின் சக்தி 150 வாட் என்று வைத்துக்கொண்டால், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வரும். பழைய பல்லில் அது நிமிடத்துக்கு 31 சுற்று. முட்டி கழன்றுவிடும். முன்னால் 40, பின்னால் 28 பல் போட்டால் அதே வேகத்துக்கு 54 சுற்று. இருபது கொண்டை ஊசி வளைவையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். (கொல்லிமலையில் எழுபது வளைவு. அங்கே நான் இறங்கித் தள்ளினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

ஸ்டர்மி ஆர்ச்சர் என்று சக்கரத்தின் நடுவே மூடி வைத்த மூன்று கியர் உண்டு. மண், மழை எதுவும் உள்ளே போகாது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பழுதானால் சேந்தமங்கலத்தில் திறந்து பார்க்க ஆள் இல்லை. நடக்க வைக்கும் சாமான் நம்ம ஊர்க் கடையில் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மரையில் திருகும் ப்ரீவீல். அந்த மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. துப்பாக்கி செய்த பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனியின் பெயரால் வழங்கும் அளவு. கியர் மொத்தமும் நாசமானாலும், எந்தக் கிராமத்துக் கடையிலும் தொங்குகிற ஒற்றைப் பல் ப்ரீவீலை அதே மரையில் திருகிக்கொண்டு வீடு வந்து சேரலாம். செயினும் அதே அரை அங்குலக் கண்ணிதான். கியர் மாற்றும் லிவரும் சொடுக்குச் சொடுக்காக விழும் வகை இல்லை, உரசி நிற்கும் பழைய வகை. சொடுக்கு வகை என்றால் லிவர், ப்ரீவீல், பின் கியர் மூன்றும் ஒரே இனமாக இருக்க வேண்டும். இது எதோடும் ஒத்துப்போகும்.

பின் கியரை மாட்ட அந்தப் பிரேமில் காது கிடையாது. அப்பா வேலை பார்த்த பட்டறையிலேயே ஆறு மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிப் பித்தளையில் பற்ற வைத்தோம். அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தது அப்பா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். என் வெர்னியரில் அளந்தால் கால் மில்லிமீட்டர்கூடத் தப்பவில்லை.

இவ்வளவு யோசித்தும் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். ஐந்து பல் போதும் என்று கணக்கு சொன்னது. ஆசை ஏழு பல் வாங்கச் சொன்னது. அதற்காக 110 மில்லிமீட்டர் இருந்த பின்பக்கத்தை 126க்கு விரித்தேன். மூன்றாவது வாரம், சேலத்திலிருந்து வரும்போது, பழைய 7ஆம் எண் சாலையில், இப்போது 44 என்கிறார்களே, ஆண்டகளூர் கேட் தாண்டியதும் பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துப் பிரேமில் உரசி நின்றது. ஆக்சில் இரண்டு துண்டு.

தள்ளிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினேன். அறுபது வயது இருக்கும் கடைக்காரருக்கு. துண்டைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பால்ரஸ் இங்க இருக்குது, பாரம் அங்க இருக்குது. நடுவுல இத்தன நீளம் அந்தரத்துல விட்டா என்னத்துக்குங்க ஆகும்?" என்றார். நாம் நான்காவது செமஸ்டரில் படித்த கேண்டிலீவர் அதுதான். ப்ரீவீல் வகையில் வலது பால்ரஸ் ப்ரீவீலுக்கு உட்பக்கம் உட்காரும். அதைத் தாண்டி ஆக்சிலைத் தாங்க ஒன்றும் கிடையாது. பல் கூடக்கூட நீட்டம் கூடும். போதாக்குறைக்கு நான் விரித்ததில் இரண்டு காதும் இணையாக இல்லாமல், ஆக்சிலைப் பூட்டும்போதே வளைத்து வைத்திருந்தேன். அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது. பையன்களின் கியர் சைக்கிளுக்குப் போடும் ஆக்சில் ஒன்றை எடுத்து, கோன் மாற்றி, புதுப் பால்ரஸ் போட்டு, நாற்பது நிமிடத்தில் அனுப்பிவைத்தார். விலையுயர்ந்த வேறு ஹப் போட்டிருந்தால் அன்றைக்கு பஸ்ஸில்தான் வந்திருப்பேன்.

பிறகு ஐந்து பல்லுக்கு மாறினேன். 120க்குச் சுருக்கி, காதுகளை இணையாக்கினேன். அந்தர நீட்டம் 46 மில்லிமீட்டரிலிருந்து 37 ஆனது. வளைக்கும் திருப்புவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இன்றுவரை ஆக்சில் உடையவில்லை.

கிராங்க் பற்றி மாணவர்களுக்காக ஒன்று. பழைய காட்டர் பின் கிராங்கை எடுத்துவிட்டுச் சதுரத் தலை ஆக்சில் போட்டேன். கழற்றும்போது வலது பக்கக் கப் இடது மரை, மறந்துவிடாதீர்கள். இடது பெடலும் அப்படித்தான். காரணம் வேண்டுமா? ஒரு பென்சிலைத் தளர்வாக முஷ்டிக்குள் பிடித்து, வெளியே நீட்டும் முனையை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் எதிர்த்திசையில் உருளும். சாதாரண மரை போட்டால் ஓட்ட ஓட்டத் தானே கழன்றுவிடும். இது தெரியாமல் ஒன்றரை அடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கியவர் இந்த அரங்கில் ஒருவர் இருக்கிறார். என் ரூம்மேட், பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஹேண்டில்பார். ஆசைப்பட்டபடி கீழே வளைந்த ரேஸ் ஹேண்டில்பார்தான் மாட்டினேன். படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. பெயிண்ட் காய்ந்த அன்று அப்பாவிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தார். குனிந்து பிடித்தார். பத்து அடி போய் இறங்கிவிட்டார். "நல்லா இருக்குது சாமி, நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். முறிந்து கூடிய மணிக்கட்டு. அதில் உடம்பின் பாரத்தைப் போட்டு அவரால் குனிய முடியாது. எட்டு மாதம் பல்லையும் மரையையும் மில்லிமீட்டரில் அளந்தவன், ஓட்டப்போகும் ஆளை அளக்கவில்லை.

அடுத்த வாரம் பின்னோக்கி வளைந்த பழைய மாதிரி ஹேண்டில்பார் வாங்கி மாட்டினேன். தண்டை நாலு விரல்கடை உயர்த்தினேன், அடிக்கோடு தாண்டாமல்தான். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுக்கச் சீட்டுக்கு வரும். அதனால் மெல்லிய ரேஸ் சீட்டையும் எடுத்துவிட்டு, அவருடைய பழைய ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டையே எண்ணெய் போட்டு, முன் நட்டை இரண்டு சுற்று இறுக்கி மாட்டினேன். முப்பது வருடத்தில் அது அவர் உடம்புக்குப் படிந்திருக்கிறது. நான் உட்கார்ந்தால் குத்துகிறது.

ரேஸ் சைக்கிள் என்று யாரும் இப்போது அதைச் சொல்ல மாட்டார்கள். வாரம் ஒருநாள் சேந்தமங்கலம் சந்தைக்கு அதில்தான் அப்பா போகிறார். கியர் லிவரை மட்டும் தொடுவதே இல்லை. மூன்றாவது பல்லிலேயே விட்டிருக்கிறார். அதுவும் ஏறக்குறைய அந்தப் பழைய 44க்கு 18 கணக்குத்தான்.

இந்த விழாவுக்காக இரண்டு நாள் கடன் வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள், சாவி என்னிடம் இருக்கிறது. சீட்டு உயரத்தை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்.